இலைக்கு அடித்த பச்சை

பாலுவுக்கு அம்மா எழுதுவது.

நலமா என்று கேட்கப் போவதில்லை. எண்ணூரில் கடல்காற்று இருக்கிறது, திருவொற்றியூரிலிருந்து வேளாவேளைக்கு மாமனார் வீட்டு மீன்குழம்பு கேரியரில் வந்து இறங்குகிறது என்று கேள்வி. உடம்புக்கு ஒரு குறையும் இருக்காது. வெள்ளைக்காரன் விட்டுப்போன பங்களாக்களுக்குப் பெயிண்டு அடிப்பதை நின்று பார்க்க, தாவரவியலில் பட்டம் வாங்கிய ஒருவன் தேவைப்படுகிறான் என்பதுதான் எனக்கு இத்தனை நாள் தெரியாமல் போய்விட்டது. நேரில் பேசலாம் என்றால் நீ சிரித்து மழுப்பிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாய். அதனால் எழுதுகிறேன். கடிதத்தைப் பார்த்துச் சிரித்தாலும் அது என் கண்ணில் படப் போவதில்லை.

உன் அப்பா இதை எழுத வேண்டாம் என்கிறார். துறைமுகத்தில் இறங்கும் மூட்டைகளைப் பார்த்து டிக் போட்டே வாழ்க்கையை ஓட்டிய மனிதர். மூட்டை இருந்தால் சரி. உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கும் வழக்கம் அவருக்குக் கிடையாது. "விட்டுடு. கூடி வந்த கல்யாணத்தைப் பெத்தவளே கெடுத்தான்னு பேராயிடும்" என்றார். கல்யாணத்தைக் கெடுக்கும் எண்ணம் எனக்கு இல்லை. மருமகளாக வரப்போகிற கஸ்தூரியை எனக்குப் பிடித்திருக்கிறது. அந்த வீட்டில் எனக்குப் பிடித்தது அவள் ஒருத்திதான் என்பதையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். நான் பேச வந்தது உன் வேலையைப் பற்றி. கோயம்புத்தூரில் அரசாங்க விவசாயப் பண்ணையில் உனக்கு வேலை கிடைத்திருக்கிறது. இந்த மாதக் கடைசிக்குள் போய்ச் சேர வேண்டும். போகமாட்டேன், தை மாதம் கல்யாணம் முடிந்ததும் மாமனாரோடு பெயிண்டு காண்டிராக்டில் நிரந்தரமாக இறங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டாய். பண்ணைக்காரர்களுக்கு மறுத்து எழுதிவிட்டானா என்று உன் அப்பாவைக் கேட்டேன். இன்னும் இல்லை என்றார். அந்த 'இன்னும்' என்ற ஒரு சொல்லை நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன்.

நிச்சயதார்த்தத்தன்று நடந்ததை நீ மறந்திருப்பாய். உனக்கு வசதியில்லாததை மறப்பதில் நீ கெட்டிக்காரனாகிவிட்டாய். எனக்கு அப்படி மறதி வருவதில்லை. திருவொற்றியூரில் அவர்கள் வீட்டு வாசலில் குதிரை வண்டியிலிருந்து இறங்கியபோதே எனக்குப் பெயிண்டு வாசனை அடித்தது. பெயிண்டு காண்டிராக்டர் வீட்டில் பெயிண்டு வாசனை அடிக்காமல் தாழம்பூ வாசனையா அடிக்கும் என்று நினைத்துக்கொண்டு உள்ளே நடந்தேன். கேட்டிலிருந்து வாசற்படி வரை இரண்டு பக்கமும் குரோட்டன்ஸ், செம்பருத்தி, நடுநடுவே வாழை. எல்லாம் ஒரே பச்சை. ரயில் பாதைக்கும் நிலக்கரிக் கிடங்குக்கும் நடுவில் இருக்கிற வீடு அது. அங்கே துவைத்துக் காயப்போட்ட வேட்டியே சாயங்காலத்துக்குள் சாம்பல் நிறமாகிவிடும். அந்த இடத்தில் இலை மட்டும் இப்படிப் பளபளக்கிறதே என்று ஒரு குரோட்டன்ஸ் இலையைத் தொட்டேன். விரலோடு பச்சை வந்தது. பட்டுப்புடவைத் தலைப்பிலும் ஒட்டிக்கொண்டது. அது இன்னமும் போகவில்லை.

உன் மாமனாராகப் போகிறவர் ஓடி வந்தார். நான் கோபித்துக்கொள்வேன் என்று பயந்து வரவில்லை, மெச்சுவேன் என்று எதிர்பார்த்து வந்தார். "இன்னா சம்மந்தியம்மா, அப்டி பாக்குறீங்க? எல்லாம் நம்ம கப்பல் பெயிண்டு. உப்புக்காத்துலயே உரியாது" என்றார்.

"இலைக்கா அடிச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"பின்ன? கரி படிஞ்சு ஒரே கலீஜா கீது. கழுவி வுட்டா மறுநாளு திரும்பக் கரி. நாலு பெரிய மனுசங்க வர்ற நாளாச்சே. இப்ப பாருங்க, எப்டி கீது."

"ரெண்டு பக்கமும் அடிச்சிருக்கீங்களே."

"ஒரு பக்கம் அடிச்சுட்டு வுட்டா, காத்துல திரும்பசொல்ல அடில கறுப்பு தெரியும். நம்ம வேலை அரைகொறையா இருக்காது சம்மந்தியம்மா. மாப்ள காலைல இருந்து கூடவே நின்னாரு. வேணும்னா அவரக் கேளுங்க."

நான் திரும்பி உன்னைப் பார்த்தேன். புதுச் சட்டையின் முழங்கைப் பக்கம் பச்சைப் பொட்டுகள். கையில் ஒரு வாளி. யாரோ கொடுத்ததை வாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றாய். கேட்டேனே, நினைவிருக்கிறதா? "என்னடா இது?" என்றேன். நீ மாமனார் முகத்தைப் பார்த்தாய், அப்புறம் என்னைப் பார்த்தாய். "பார்க்க நல்லாத்தான்மா இருக்கு" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். அதில் உன் சிரிப்புதான் எல்லாருடையதையும் விடச் சத்தமாக இருந்தது.

குரோட்டன்ஸ் இலைக்கு இருக்கிற அழகே அந்த மஞ்சளும் சிவப்பும்தான். அதையும் விட்டுவைக்காமல் ஒரே பச்சையாகப் பூசித் தள்ளியிருக்கிறார் ஒரு மனிதர். அவரை நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. கப்பலின் இரும்புத் தகட்டையும் இலையையும் அவர் ஒரே கண்ணால் பார்க்கிறார்; துரு தெரியக்கூடாது, கறுப்பு தெரியக்கூடாது, அவ்வளவுதான் அவர் உலகம். அந்த உலகத்துக்கு வெளியே ஒன்று இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. உனக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். நானே சொல்லித் தந்திருக்கிறேன்.

நீ சின்னப் பையனாக இருந்தபோது கொல்லைப்புறத்துப் பூவரசு இலை ஒன்றில், நடுவில் மட்டும் கறுப்புக் காகிதத்தைக் குண்டூசியால் குத்தி மூடிவைத்தோம். மறுநாள் நல்ல வெயில் ஏறிய பிறகு அந்த இலையைப் பறித்து, ரசம் வைக்கிற ஈயச்சொம்பில் தண்ணீர் கொதிக்கவிட்டு அதில் போட்டு எடுத்தோம். உன் அப்பா அடுக்களை வாசலில் நின்று, நாளைக்கு ரசத்தில் என்ன வாசனை வரப்போகிறது என்று புலம்பினார். பிறகு கிண்ணத்தில் ஸ்பிரிட்டை ஊற்றி, அந்த இலையைப் போட்டு, கிண்ணத்தை வெந்நீருக்குள் வைத்தோம். கொஞ்சம் கொஞ்சமாக ஸ்பிரிட் பச்சையானது, இலை வெளுத்தது. "பச்சை மட்டும் தனியா கழண்டு வந்துடுச்சும்மா" என்று கத்தினாய். வெளுத்த இலையை விரித்து அயோடின் சொட்டினோம். இலை முழுவதும் கருநீலமாக மாறியது. கறுப்புக் காகிதம் மூடியிருந்த இடம் மட்டும் மாறவில்லை. வெயில் பட்ட இடத்தில் மாவு இருக்கிறது, படாத இடத்தில் இல்லை என்று நான் சொல்லி முடிப்பதற்குள் நீ கேட்டாய்: "அப்ப செடி சமைக்குதாம்மா? அடுப்பு எங்க இருக்கு?"

பள்ளிக்கூடத்தில் இத்தனை வருஷமாகப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். அந்த ஒரு கேள்வியை இதுவரை வேறு எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை. அதற்காகவே உன்னை ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனேன். முள்ளங்கித் துண்டைப் பிளந்து அதற்குள் இலையைச் செருகி, சவர பிளேடால் மெல்லிசாகச் சீவி, எங்களிடம் இருந்த ஒரே மைக்ராஸ்கோப்பில் வைத்துக் காட்டினேன். மேல்தோலுக்கு அடியில் நீளநீளமான அறைகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தாய். அறைக்குள் இருக்கிற சாற்றுக்கு நிறமே இல்லை. பச்சை முழுவதும் அதில் மிதக்கிற பொடிப்பொடி மணிகளில்தான் என்பதை நீயே கண்டுபிடித்தாய். அந்த மணிகள்தான் நீ தேடிய அடுப்பு. வெயில் மட்டாக இருந்தால் அறையின் முகப்பில் பரவி நின்று வெளிச்சத்தை வாங்கும். வெயில் கொளுத்தினால் ஓரச் சுவரோடு ஒதுங்கிக்கொள்ளும். வேர் கொண்டுவரும் தண்ணீரையும், இலையின் அடிப்பக்கத்துத் துளைகள் வழியே வரும் காற்றையும் வைத்து அவை சர்க்கரை செய்கின்றன. அந்தச் சர்க்கரைதான் மாவாகிறது, நாராகிறது, மரக்கட்டையாகிறது. துளைகளையும் பார்த்தாய். திறந்து மூடுகிற உதடு மாதிரி இருக்கிறது என்று சொன்னது நீ. அந்த உதட்டின் மேல்தான் உன் மாமனாரின் ஆட்கள் கப்பல் பெயிண்டைப் பூசினார்கள். மேல்பக்கம் பூசி வெளிச்சத்தை அடைத்தார்கள், அடிப்பக்கம் பூசிக் காற்றை அடைத்தார்கள். அரைகுறையாக வேலை செய்கிறவர்களாக இருந்திருந்தால் அந்தச் செடிகள் இன்னும் கொஞ்ச நாள் உயிரோடு இருந்திருக்கும்.

பச்சையாக இருப்பதால் செடி வாழ்வதில்லை, பாலு. வேலை செய்வதால் பச்சையாக இருக்கிறது. இதை நான் எழுதித்தான் நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்றில்லை. தெரிந்துகொண்டே வாளியைப் பிடித்தாய் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

உனக்கு வாய் இல்லாமல் இல்லை. காலேஜில் சேர்ந்த புதிதில் நம் பக்கத்து வீட்டு மேஸ்திரியிடம் நீ போட்ட சண்டை தெருவுக்கே தெரியும். அவர் கொல்லையில் ஒரு வாழை வைத்திருந்தார். காசிமேட்டிலிருந்து மீன் தலையும் குடலும் வாளிவாளியாகக் கொண்டுவந்து அதன் அடியில் கொட்டுவார். நாற்றத்தில் நாங்கள் ஜன்னலைத் திறக்க முடியாது. வாழை மட்டும் அப்படியே நின்றது, ஒரு விரற்கடை வளரவில்லை. நீ சுவர் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு அவரிடம் சொன்னாய்: "மேஸ்திரி, அடில கொட்டுறத நிறுத்துங்க. எலையில ஒரு வெரக்கட கரி கீது. அத்த தொடைங்க மொதல்ல." அவர், "படிச்ச புள்ளன்னா அடக்கமா இருக்கணும். செடிக்கு வாய் வேர்ல கீது, எலையில இன்னா கீது?" என்றார். நீ விடவில்லை. அவர் வேலைக்குப் போன நேரத்தில் சுவரைத் தாண்டிக் குதித்து, ஸ்டூலைப் போட்டு ஏறி, ஈரத்துணியால் ஒவ்வோர் இலையாகத் துடைத்துவிட்டு வந்தாய். வாரத்துக்கு ஒருமுறை அதைச் செய்தாய். வாழை குலை தள்ளியது. மேஸ்திரி தெரு முழுக்கப் பெருமையடித்துக்கொண்டது தன் மீன் தலையைப் பற்றித்தான். அந்த மாதிரி ஆட்கள் அப்படித்தான். உன்னை யாரும் பாராட்டவில்லை. நீ அதைப் பற்றிக் கவலைப்படவும் இல்லை. அன்றைக்கு உன்னைப் பார்த்து எனக்கு எவ்வளவு கர்வமாக இருந்தது என்று உன்னிடம் நான் சொன்னதில்லை. இப்போது சொல்வதால் ஒன்றும் கெட்டுவிடாது, அந்தப் பையன்தான் வீட்டில் இல்லையே.

தினக்கூலிக்குப் போகும் மேஸ்திரியை எதிர்த்துப் பேசத் தெரிந்த உனக்கு, கார் வைத்திருக்கும் காண்டிராக்டரைக் கண்டதும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இதற்குப் பெயர் மரியாதை என்று உன் அப்பா சொல்கிறார். எனக்குத் தெரிந்த தமிழில் இதற்கு வேறு பெயர்.

நிச்சயதார்த்தம் முடிந்து சாப்பிட உட்கார்ந்தபோது உன் மாமனார் என் இலைக்கு எதிரே வந்து நின்றார். "மாப்ளய எங்கையில குட்த்துட்டீங்க இல்ல, இனிமே பாருங்க. நம்மகூட இருந்தா நல்லா வளந்துடுவாரு" என்றார். கல்யாணத்தன்று பந்தலில் கட்டுகிற வாழைமரத்துக்கும் ஒரு கோட்டுப் பெயிண்டு அடித்துவிடலாம், வாடினது தெரியாது என்றும் சொன்னார். நான் பாயசத்தைத் தொடவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு நீயும் அதே சொல்லைத்தான் சொன்னாய். கோயம்புத்தூரில் என்னம்மா இருக்கிறது, சேற்றில் நின்று இலையை எண்ணிக்கொண்டிருக்க வேண்டும், இங்கே இருந்தால் வளர்ச்சி இருக்கிறது என்றாய். அந்தச் சொல்லை உன் வாயிலிருந்து கேட்டபோது, அதற்கு என்ன அர்த்தம் என்று உன்னைக் கரும்பலகைக்கு அழைத்து எழுதச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

வருஷாவருஷம் என் வகுப்பில் ஒரு வேடிக்கை நடக்கும். ஈரத்துணியில் பச்சைப்பயறைப் பரப்பி, ஒரு தட்டை ஜன்னலிலும் ஒரு தட்டை அலமாரிக்குள்ளும் வைக்கச் சொல்வேன். இரண்டு வாரம் கழித்து எடுத்தால், அலமாரிக்குள் இருந்த முளை ஜன்னலில் இருந்ததைவிட நெடுநெடுவென்று உயர்ந்திருக்கும். பெண்களெல்லாம், "அலமாரிலதான் நல்லா வளந்திருக்கு டீச்சர்" என்பார்கள். ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான் சொல்வார்கள். ஒருத்திகூட அந்த மஞ்சள் நிறத்தைப் பார்த்துச் சந்தேகப்பட மாட்டாள். நான் இரண்டையும் காயவைத்து நிறுக்கச் சொல்வேன். ஜன்னலில் இருந்தது விதையைவிடக் கனத்திருக்கும். அலமாரியில் இருந்தது விதையைவிட இலேசாகியிருக்கும். அது வளரவே இல்லை. விதைக்குள் தாய்ச்செடி கட்டிக்கொடுத்த மாவை எடுத்துச் செலவழித்து, வெளிச்சத்தைத் தேடித் தன்னை இழுத்து இழுத்து நீட்டியிருக்கிறது, அவ்வளவுதான். கட்டிக்கொடுத்தது தீர்ந்ததும் ஒரு காலையில் தலை சாய்ந்துவிடும். பச்சை மணிகள் தோன்றி வேலையைத் தொடங்கிய பிறகுதான் செடிக்குச் சொந்தமாக ஒரு பிடி கனம் கூடும். அதற்கு முன்னால் நடப்பதெல்லாம் தாய் வீட்டுச் சோறு.

நீ மாமனார் காரில் முன்சீட்டில் உட்கார்ந்து போவதை நம் ராயபுரம் முழுவதும் பார்க்கிறது. பாலு நன்றாக வந்துவிட்டான் என்று மார்க்கெட்டில் என்னிடமே சொல்கிறார்கள். நான் தலையை ஆட்டிவிட்டுக் கத்திரிக்காயைப் பொறுக்குகிறேன். அவர்களை என்ன சொல்ல முடியும்? எங்கள் பள்ளிக்கூட நிர்வாகி, மரம் இலையைக் கொட்டிக் குப்பை பண்ணுகிறது என்று முற்றத்துத் தூங்குமூஞ்சி மரத்தை வெட்டச் சொன்னவர். வெட்டிய இடத்தில் சிமெண்டுத் தொட்டி வைத்து அதில் காகிதப் பூக்களைச் செருகி வைத்திருக்கிறார். அதைப் பார்த்து, நல்லா இருக்கு சார் என்று சொன்ன ஆசிரியைகளும் இருக்கிறார்கள். ஆட்டுகிற தலைகளுக்கு இந்த ஊரில் பஞ்சமே கிடையாது. அதில் இன்னொன்று சேர்வதற்காக உன்னைப் படிக்க வைக்கவில்லை.

கோயம்புத்தூர் வேலை ஒன்றும் சொர்க்கம் என்று நான் பொய் சொல்லப் போவதில்லை. வெயிலில் நிற்க வேண்டும். மேலே இருக்கிற அதிகாரி உன் மாமனாரைவிட மடையராகவும் இருக்கலாம். நீ செய்வது ஒருத்தர் கண்ணுக்கும் தெரியாது. இலைக்குள் நடப்பது எவன் கண்ணுக்குத் தெரிகிறது? ஆனால் அங்கே ஒரு பயிர் வாடினால் ஏன் வாடியது என்று கேட்பதற்காக உன்னை வைத்திருப்பார்கள். இங்கே, வாடியது தெரியாமல் இருக்க என்ன பூசலாம் என்று கேட்பதற்காக வைத்துக்கொள்வார்கள். இரண்டும் வேலைதான் என்று நீ சொல்வாய். இரண்டும் பச்சைதான் என்று உன் மாமனார் நினைப்பதற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

இத்தோடு முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். போன வாரம் ஒன்று நடந்தது. அதையும் எழுதியாக வேண்டும்.

மத்தியானம் மணி அடித்து, நான் டிபன் டப்பாவைத் திறக்கிற நேரம். பியூன் வந்து யாரோ பார்க்க வந்திருப்பதாகச் சொன்னான். கஸ்தூரி நின்றுகொண்டிருந்தாள். பஸ் ஏறி, வீட்டுக்குத் தெரியாமல் வந்திருக்கிறாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கையைப் பார்த்தேன், தோல் வெளுத்து வெடித்திருந்தது. "இன்னாத்துக்கு அத்தே செத்துப்போச்சு?" என்று நேராகவே கேட்டாள். என்ன செத்தது என்று கேட்டேன். செடிகள் அத்தனையும் போய்விட்டதாம். நிச்சயதார்த்தம் முடிந்த மறுநாளே இவள் தன் பங்குக்கு டர்பன்டைனில் துணியை நனைத்து இலை இலையாகத் துடைத்திருக்கிறாள். பெயிண்டு வீட்டில் பிறந்தவளுக்குப் பெயிண்டை எடுக்க அது ஒன்றுதான் தெரியும். "பெயிண்ட்டு போச்சு அத்தே. எல அடுத்த நாளே சுருண்டுகினு கருகிப் போச்சு. நான்தான் சாவடிச்சுட்டேனா?" என்றாள். இல்லை, நீ தொடுவதற்கு முன்னாலேயே அதன் வாயை அடைத்தாகிவிட்டது என்றேன். ஒரு செம்பருத்தியை மட்டும் கோபத்தில் அடியோடு ஒட்ட வெட்டிவிட்டாளாம். அதில் இப்போது துளிர் வந்திருக்கிறதாம். அவளுக்கு ஆச்சரியம். தண்டில் பழைய மாவு மிச்சம் இருந்திருக்கும், அந்தத் துளிரில் மட்டும் எதையும் பூசவிடாதே என்றேன். "பூச வுட மாட்டேன். நைனாகிட்ட சொல்லிட்டேன்" என்றாள். அவள் வீட்டில் அப்படிச் சொல்வதற்கு என்ன விலை கொடுத்திருப்பாள் என்று அந்த முகத்தில் தெரிந்தது.

பிறகுதான் வந்த விஷயத்தைச் சொன்னாள். "அன்னிக்கு பெயிண்ட்டு அடிக்கசொல்ல நான் மாடி ஜன்னலாண்ட நின்னுகினு இருந்தேன் அத்தே. இவரு செடி படிப்பு படிச்சவராச்சே, எதுனா ஒரு வார்த்தை சொல்வாரு, நைனா நிறுத்திடுவாருன்னு பாத்துகினே இருந்தேன். இவரு வாளிய வாங்கிப் புடிச்சுகினாரு." அதைச் சொல்லும்போது அவளுக்குக் கோபம் வரவில்லை, அழுகையும் வரவில்லை. அப்புறம், "கோயம்புத்தூரு வேலைக்குப் போறாரா?" என்றாள். நீயே அவனைக் கேளேன் என்றேன். "நான் கேக்க மாட்டேன். நான் கேட்டா எனக்கோசரம் போவாரு. இன்னிக்கு நைனா சொல்றதுக்குத் தலையாட்டுறாரு, நாளைக்கு நான் சொல்றதுக்கு ஆட்டுவாரு. அத்த வச்சுகினு நான் இன்னா பண்றது? எங்க வூட்ல அம்மா ஒருத்தங்க தலையாட்டிக்கினு கீறாங்க. அதுவே போதும்."

கல்யாணம் வேண்டாம் என்று சொல்லப் போகிறாயா என்று கேட்டேன். வாசல்வரை போனவள் திரும்பி நின்று, "மாசக் கடைசி வரிக்கும் பாக்கறேன் அத்தே" என்றாள். தாம்பூலம் மாற்றி, பந்தி போட்டு, பந்தல்காரனுக்கு அட்வான்ஸ் கொடுத்து எல்லாவற்றையும் முடித்துவிட்டதாக நீங்களெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். முடிவு இன்னும் அந்தப் பெண்ணின் கையில் இருக்கிறது.

இது உன் மாமனாருக்குத் தெரியாது. உன் அப்பாவுக்குத் தெரியாது. உனக்குச் சொல்ல வேண்டாம் என்று அவள் என்னிடம் கேட்கவில்லை. ஆனால் சொல்லக் கூடாது என்பது எனக்குத் தெரியும். இதைப் படித்துவிட்டு நீ கோயம்புத்தூருக்கு ரயில் ஏறினால் அவளுக்காக ஏறினாயா, உனக்காக ஏறினாயா என்று அவள் கேட்பாள். அவளுக்காக என்றால் உன்னைக் கட்டிக்கொள்ள மாட்டாள். அவள் இடத்தில் இருந்தால் நானும் மாட்டேன். அதெல்லாம் தெரிந்தும் எழுதிவிட்டேன். சொல்லாமல் விட்டால் நீயாகவே போவாய் என்ற நம்பிக்கை எனக்கு வரவில்லை. உன்னைப் பெற்றவள் இன்றைக்கு உன்மேல் வைத்திருக்கிற மதிப்பு அவ்வளவுதான்.

அம்மா